லிஃப்ட்டில் வந்த பூசணி

அரசு ஆஸ்பத்திரி லிஃப்ட்டில் இருபத்தேழு வருஷம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவளுக்கு ஊரில் ஒரே பெயர்தான்: லிஃப்ட்டக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் பத்திரமாக இருந்தது. ஏறுகிறவர்கள் எந்த மாடி என்று அவளிடம் சொல்ல வேண்டியதில்லை. பல்லைப் பிடித்துக்கொண்டு வந்தால் ஒன்று. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தால் இரண்டு. கையில் பிளாஸ்க்கும் கண்ணில் தூக்கமுமாக வந்தால் மூன்று, பிரசவ வார்டு. எதையும் பிடிக்காமல் விறைப்பாக வந்து நின்றால் அது ஆபீஸ், நாலு.

லிஃப்ட்டில் ஏறியதும் மனிதர்களுக்கு ஏதோ ஆகிவிடும். அதுவரை அடக்கி வைத்ததெல்லாம் வாயில் வந்து நிற்கும். "அந்த வீட்டு விஷயத்துல உன் தம்பி என்ன பண்ணான்னா..." என்று ஆரம்பிப்பார்கள், கதவு திறந்துவிடும், போய்விடுவார்கள். தம்பி என்ன பண்ணினான் என்று இன்றுவரை அக்காவுக்குத் தெரியாது. இப்படி ஆயிரக்கணக்கில் பாதிக் கதைகள் அவளிடம் இருந்தன. அவளுடன் ஒரே வீட்டில் இருந்த நாத்தனாருக்கு அதில்தான் கண்.

"அண்ணி, முழுசா வேணாம். அந்தப் பாதியையாவது சொல்லுங்க, மீதிய நானே கட்டிக்கிறேன்."

"லிஃப்ட்ல கேட்டது லிஃப்ட்டோட."

"அப்போ மேல போனதா கீழ வந்ததா, அதையாவது சொல்லுங்க!"

சொல்ல மாட்டாள். அவளுக்கென்று அவளே போட்டுக்கொண்ட சட்டம் அது ஒன்றுதான். ஆஸ்பத்திரி முழுக்க அது தெரியும். அதனால்தான் அவளெதிரில் எல்லாரும் அவ்வளவு தாராளமாகப் பேசினார்கள்.

பூசணி வந்த நாளும் ஒரு சாதாரண நாள்தான். கிழமைகூட அவளுக்கு நினைவில்லை. ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பும் அம்மாவுக்காக ஒருவர் டாக்டரிடம் நன்றி சொல்ல வந்தார். தோளில் சாம்பல் நிறத்தில், வரிவரியாக, ஒரு பூசணிக்காய். லிஃப்ட்டிலேயே டாக்டரைப் பிடித்துவிட்டார். "நான் எதுவும் வாங்கறதில்லைங்க" என்று டாக்டர் மூன்றாவது மாடியில் குதிக்காத குறையாக இறங்கிவிட்டார். வந்தவர் பூசணியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "நீங்களே வச்சுக்குங்கம்மா, இதத் திரும்பத் தூக்கிட்டுப் போனா எங்கம்மா மறுபடி படுத்துக்கும்" என்று ஸ்டூலுக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டுப் போனார். அவர் யார், எங்கே விளைந்தது என்று கேட்பதற்குள் கதவு மூடிக்கொண்டது. அதுவும் ஒரு பாதிக் கதை.

அன்று முழுக்கப் பூசணி லிஃப்ட்டில் ஏறி இறங்கியது. "இது எந்த வார்டு?" என்று கேட்காத ஆளில்லை. ஒரு நர்ஸ் குனிந்து ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்து, "தலைச்சம்பிள்ளையா?" என்றாள். சாயங்காலம் அக்கா அதை இடுப்பில் ஏற்றிக்கொண்டு பஸ்ஸில் நின்றபோது ஒரு பெரியவர் எழுந்து இடம் கொடுத்தார். மடியில் வைத்த பிறகுதான் என்ன என்று தெரிந்தது அவருக்கு. எழுந்தவர் எழுந்தவர்தான், திருப்பிக் கேட்கவா முடியும்?

வீட்டில் பீரோ மேல் இடம் கிடைத்தது. இரண்டாவது மாடியில் ஓர் அறையும் ஒரு சமையல் மூலையும்தான் வீடு. எங்கே படுத்தாலும் அது கண்ணில் படும்.

"அண்ணி, அது நம்மளையே பாக்குது."

"நீ திரும்பிப் படு."

எட்டு மாசம் அங்கேயே இருந்தது. அழுகவில்லை, சுருங்கவில்லை, ஒரு புள்ளி விழவில்லை. லாரி ஓட்டும் புருஷன் மாசத்தில் நாலு நாள் வீட்டில் இருப்பான். அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை, மழையில் யாரும் கடைக்குப் போக முடியாததால்தான் அதன் மேல் கத்தி விழுந்தது. உப்பு மட்டும் போட்டு வேக வைத்தாள். ஆயிரம் ஊர்த் தண்ணீர் குடித்து, சாலையோரத்தில் எதைப் போட்டாலும் பேசாமல் தின்று பழகிய மனிதன், ஒரு வாய் வைத்துவிட்டுக் கையை நிறுத்தினான்.

"இத எங்க வாங்குன?"

"வாங்கல. லிஃப்ட்ல வந்துச்சு."

"லிஃப்ட்ல இன்னொன்னு வருமான்னு கேளு."

வராது என்று அவளுக்குத் தெரியும். விதையை மட்டும் கழுவி, செய்தித்தாளில் பரப்பி, நிழலில் உலர்த்தி வைத்தாள். விதை இருந்தது, மண் இல்லை. அப்படித்தான் அவள் டிப்போத் தோட்டத்துக்குப் போனாள்.

மூடிப்போன பஸ் டிப்போவின் பின்பக்கம், வண்டி கழுவும் மேடையைத் தாண்டி, நாற்பது கட்டங்களாகக் கயிறு கட்டிப் பிரித்த நிலம். காய்கறி போட ஆசைப்பட்ட ஊர்க்காரர்களுக்கு ஆளுக்கொரு கட்டம், பத்தடிக்குப் பத்தடி. சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள், அவளுக்குப் பதினைந்தாம் கட்டம் விழுந்தது. மண்ணைக் கையில் எடுத்தால் டீசல் வாசம் அடித்தது. முதல் வருஷம் முளைத்ததெல்லாம் புல், அதுவும் இருமிக்கொண்டே முளைத்தது போலிருந்தது. காய்ந்த இலை, சந்தையில் மிஞ்சிய கீரைத்தண்டு, மரப்பட்டறைத் தூள் என்று அவரவர் கைக்கு எட்டியதைக் கொண்டுவந்து கொட்டினார்கள். அக்காவின் பங்கு ஆஸ்பத்திரிச் சமையலறையின் காய்கறித் தோல். தினம் இரண்டு சாக்கு, அவள் லிஃப்ட்டிலேயே இறங்கியது. "ஏறும்போது நோயாளி, இறங்கும்போது வெங்காயத் தோலு. ஆஸ்பத்திரி வாசமே மாறிப்போச்சு" என்று நாலாம் மாடி ஆபீசர் முகம் சுளித்தார். அவருக்கு ஒரு கட்டுக் கீரை போனதும் வாசம் சரியாகிவிட்டது.

தோட்டத்துக்குத் தலைவர் மைக் சார். ரயில் நிலையத்தில் வண்டி வருகிறது, போகிறது என்று அறிவிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பேச்சை எழுத்தில் காட்டுவது கஷ்டம். மூக்கை இலேசாகப் பிடித்துக்கொண்டு வாசித்தால் கொஞ்சம் கிட்டே வரும். "உறுப்பினர்களின் கனிவான கவனத்திற்கு. ஏழாம் கட்டத்தில் தண்ணீர் நிறுத்தப்படாமல் ஓடிக்கொண்டிருக்கிறது." ஏழாம் கட்டக்காரர் இரண்டடி தள்ளித்தான் நின்றிருப்பார்.

மூன்றாம் வருஷம் மண் வாசம் மாறியது. அந்த வருஷம்தான் பூசணியும் காய்த்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவரவர் கட்டத்தில் விளைந்ததைக் கொண்டுவந்து ஒரே அண்டாவில் போட்டு, கழுவும் மேடையில் உட்கார்ந்து சாப்பிடுவது அங்கே வழக்கமாகி இருந்தது. அண்டாவில் அன்று பூசணி விழுந்தது. நாற்பது பேர் வாயும் ஒரே நேரத்தில் மூடிக்கொண்ட ஞாயிறு அது ஒன்றுதான் என்று பழைய ஆட்கள் இன்னும் சொல்வார்கள். மைக் சாரே எதையும் அறிவிக்கவில்லை. எல்லாரும் விதை கேட்டார்கள். எல்லாருக்கும் கொடுத்தாள். அதற்கு லிஃப்ட்டுப் பூசணி என்று பெயரும் வைத்தாகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் பழைய நோயாளிச் சீட்டுகள் வைக்கும் மர அலமாரி ஒன்றைக் கழித்துக் கட்டினார்கள். அறுபது சின்ன டிராயர்கள். அதையும் லிஃப்ட்டில் இறக்கி அக்காதான் தோட்டத்துக்குக் கொண்டுவந்தாள். விதை அலமாரி ஆயிற்று. கொண்டுவந்தவள் கையிலேயே சாவியும் தங்கிவிட்டது.

சாவி என்றால் சும்மா இல்லை. பூசணிக்குத் தேனீ ஒரு தரகர். இந்தக் கொடியின் மகரந்தத்தை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கொடியில் வைக்கும், ரகம் பார்க்காது. பக்கத்தில் வேறு ரகப் பூசணி இருந்தால் இரண்டும் கலந்துவிடும். இந்த வருஷக் காயில் ஒன்றும் தெரியாது. அதன் விதையைப் போட்டால் அடுத்த வருஷம்தான் வண்டவாளம் வெளியே வரும். அதனால் விதைக்கான பூவைத் தேனீயிடம் விடக் கூடாது. நாளைக்கு விரியப்போகும் மொட்டுகளில், ஆண்பூவிலும் பெண்பூவிலும், முந்தின சாயங்காலமே நுனியைக் கட்டிவிட வேண்டும். விடிந்ததும் ஆண்பூவைப் பறித்து, இதழைக் கிழித்து, பெண்பூவைத் திறந்து உள்ளே தேய்த்து, மறுபடி மூடிக் கட்டிவிட்டு, காம்பில் சிவப்பு ரிப்பன் போட வேண்டும். ரிப்பன் போட்ட காய்தான் விதைக்கு. மற்றதெல்லாம் அண்டாவுக்கு.

கட்டுவதற்கு மற்றவர்கள் நூல் தேடுவார்கள். அக்காவிடம் ஆஸ்பத்திரி டேப் இருந்தது. காயத்துக்கு ஒட்டும் வெள்ளை டேப், நர்ஸ் கொடுக்கும் மிச்சச் சுருள்கள். சாயங்காலம் பதினைந்தாம் கட்டத்தைப் பார்த்தால் கொடி முழுக்கக் கட்டுப் போட்ட பூக்கள் வரிசையாகப் படுத்திருக்கும்.

"என்னக்கா, பஸ் கவுந்துடுச்சா? இத்தனை பேருக்கு அடி?" என்று கேட்பான் பன்னு.

பன்னு, பேக்கரிக்காரன். கன்னத்தைப் பார்த்து வைத்த பெயர். பதினேழாம் கட்டம் அவனுடையது. ஞாயிறு அண்டாவுக்கு ரொட்டி அவன்தான். விடியற்காலையில் ஆஸ்பத்திரி வார்டுகளுக்கும் அவன்தான் ரொட்டி கொண்டுவருவான், தலைமுடி முழுக்க மாவோடு. ஒருநாள் லிஃப்ட்டில் மூன்றாவது மாடியிலிருந்து இறங்கும்போது சட்டைப்பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்துக் காட்டினான். மேலே கரும்பச்சையில் குட்டிப் பூசணி படம்.

"அக்கா, இது புது ரகமாம். கடையில குடுத்தான். ஒருத்தர் தின்ன அளவாம். என் கட்டத்துல போடலாமா? உங்க கொடிக்கு ஏதும்..."

"போடுப்பா. நான்தான் டேப் ஒட்டுறேன்ல? உன் பூசணி என் பூவ எட்டிக்கூடப் பாக்க முடியாது."

கதவு திறந்தது. போனான், போட்டான்.

அந்த வருஷம் அக்கா மூன்று காய்க்கு ரிப்பன் போட நினைத்தாள். இரண்டு போட்டாயிற்று. மூன்றாவது பூ மறுநாள் விரியும் என்று தெரிந்த சாயங்காலம், லிஃப்ட் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே அவளோடு கால்கட்டுப் போட்ட ஒரு மருமகன், அவனைப் பார்க்க வந்த மாமியார்.

"இது மேல போகுதா, கீழ போகுதா?" என்றார் மாமியார்.

"ரெண்டும் இல்லம்மா. நிக்குது."

"நிக்குதா? அதுக்கெதுக்கு லிஃப்ட்? நம்ம வீட்லயே நின்னுருக்கலாமே."

"நான் அப்பவே சொன்னேன், வர வேணாம்னு" என்றான் மருமகன் சுவரைப் பார்த்து.

"எப்ப சொன்னீங்க?"

"கல்யாணத்தப்பவே."

ஒன்றே முக்கால் மணி நேரம். அந்த ஒரு தடவைதான் அவளுக்கு ஒரு கதை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை முழுசாகக் கிடைத்தது. ஆனால் அவள் காது அங்கே இல்லை. ஆறரைக்கு டிப்போவின் கேட்டை மூடிவிடுவார்கள். மெக்கானிக் வந்து இறக்கியபோது மணி ஏழு.

விடிந்ததும் ஓடினாள். பூ விரிந்து கிடந்தது. உள்ளே ஒரு தேனீ, மாவு மூட்டையில் விழுந்து எழுந்த பன்னு மாதிரி உடம்பெல்லாம் மஞ்சளாக, அவசரமே இல்லாமல் புரண்டுகொண்டிருந்தது. விரட்டினாள். அந்தப் பூவை விட்டிருக்க வேண்டும். விடவில்லை. தன் ஆண்பூவைப் பறித்து மேலேயே நன்றாகத் தேய்த்தாள். 'ஒரு தேனீதானே. நம்ம மகரந்தம்தான் இவ்வளவு போட்டாச்சே.' டேப் ஒட்டினாள், ரிப்பன் கட்டினாள்.

அப்போதும் கெட்டுப்போகவில்லை. மற்ற இரண்டு காய் இருந்தன. ஆனால் அடுத்த மாசம் விடாமல் ஒரு வாரம் பெய்த மழையில், அடியில் பலகை வைக்க மறந்த அந்த இரண்டும் அழுகின. மிஞ்சியது மூன்றாவது. அதுவோ ராஜா மாதிரி பழுத்தது. சாம்பல் தோல், வரிவரியாக, துளி குறை சொல்ல முடியாது. முந்தின வருஷத்து விதையெல்லாம் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துத் தீர்ந்திருந்தது. அக்கா அந்தக் காயின் விதையைக் கழுவி, உலர்த்தி, டிராயரில் போட்டுப் பூட்டினாள். யாரிடமும் சொல்லவில்லை. நாற்பது பேர் வந்து ஆளுக்கு நாலு விதை எடுத்துப் போனார்கள்.

அடுத்த வருஷம் தோட்டம் ஒரு சர்க்கஸ்.

மூன்றாம் கட்டத்தில் சுரைக்காய் மாதிரி நீளமாக ஒன்று. ஒன்பதில் முகமெல்லாம் மரு. இருபத்திரண்டில் பாதி பச்சை, பாதி ஆரஞ்சு, தைக்கும்போது துணி பற்றாமல் போன சட்டை மாதிரி. முப்பதில் கைப்பிடிக்குள் அடங்கியது, நாற்பதில் தூக்க இரண்டு ஆள் வேண்டும். நடுநடுவே நாலைந்து கட்டங்களில் பழைய சாம்பல் பூசணி ஒன்றும் தெரியாதது போல உட்கார்ந்திருந்தது. அந்தக் கட்டங்களைத் தாண்டும்போது மட்டும் அக்கா நடையை எட்டிப் போட்டாள். முதல் வாரம் சிரித்தார்கள். காய்க்குப் பேர் வைத்து விளையாடினார்கள். அறுத்து அண்டாவில் போட்ட ஞாயிற்றுக்கிழமை சிரிப்பு நின்றது. ஈரத்துணியைக் கொதிக்க வைத்தது போலிருந்தது. ஒருத்தர் காய் கசந்தது, துப்பிவிட்டு அண்டாவையே கவிழ்த்தார்கள். அன்று எல்லாரும் பன்னுவின் ரொட்டியை வெறுமனே தின்றார்கள். தின்றுகொண்டே பதினேழாம் கட்டத்தைப் பார்த்தார்கள்.

"உறுப்பினர்களின் கவனத்திற்கு" என்றார் மைக் சார். குரலில் கனிவு இல்லை. "விதி எண் பதினொன்று. ஒரு ரகம் விதைக்காகக் காப்பாற்றப்படும்போது, அதே இனத்தில் வேறு ரகம் போட விரும்புபவர் விதை அலமாரிப் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் போட்டால் கட்டம் திரும்பப் பெறப்படும். போன வருஷம் பதினேழாம் கட்டத்தில் கரும்பச்சைப் பூசணி போடப்பட்டது. தம்பி, நீங்க தெரிவிச்சீங்களா?"

"தெரிவிச்சேன் சார்."

"எங்க? எப்போ? அலமாரி நோட்டுல இல்லையே."

பன்னு வாயைத் திறந்தான். அக்காவைப் பார்த்தான். லிஃப்ட்டில் பேசியது. ஆஸ்பத்திரிக்கே தெரிந்த சட்டம் அவனுக்குத் தெரியாதா? மூடிக்கொண்டான்.

"தெரிவிச்சேன். எங்கன்னு சொல்ல மாட்டேன்."

"என்ன பதில் இது! நடைமேடை எண் இல்லாம வண்டி வருமா?"

யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. 'சொல்லு, சொல்லு' என்றது உள்ளே ஏதோ. ஆனால் இங்கே இவள் லிஃப்ட்டக்கா மட்டுமில்லை. பூவுக்கு டேப் ஒட்டுகிறவள், சாவி வைத்திருக்கிறவள், அந்தப் பூசணியைக் கொண்டுவந்தவள். இருபது வருஷமாக ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்து பொத்தான் அமுக்கியவளை நாற்பது பேர் கேட்டு நடந்த ஒரே இடம் இதுதான். பேசாமல் இருந்தாள். வருகிற ஞாயிற்றுக்குள் கட்டத்தைக் காலி செய்ய வேண்டும் என்று பன்னுவிடம் சொல்லிக் கூட்டத்தை முடித்தார்கள்.

திங்கள், செவ்வாய், புதன். பன்னு வழக்கம்போல ரொட்டிக் கூடையோடு லிஃப்ட்டில் ஏறினான். "மூணுக்கா" என்றான். அவனுக்கு மாடி சொல்ல வேண்டியதே இல்லை, ஆனாலும் சொன்னான். அவள் அமுக்கினாள். அவ்வளவுதான் பேச்சு. வியாழக்கிழமை கூடை இல்லாத கையில் ஒரு செடி வைத்திருந்தான், வேரோடு பிடுங்கி ஈரச்சாக்கில் சுற்றிய புதினா.

"கடை வாசல்ல ஒரு டப்பால வச்சுக்கலாம்னு... வரும்ல?"

"வரும்" என்றாள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் நாத்தனார் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அண்ணி, மூணு நாளா சாப்பாட்டுல உப்பு இல்ல. இன்னைக்குச் சாப்பாடே இல்ல, வெறும் உப்புதான் இருக்கு. என்ன கதை?"

"லிஃப்ட்ல..."

"லிஃப்ட்ட விடுங்க. இது உங்க கதை."

அக்கா சொன்னாள். நின்ற லிஃப்ட், தேனீ, ரிப்பன், டிராயர், பன்னு காட்டிய பாக்கெட். வாழ்க்கையில் முதல்தடவையாக நாத்தனாருக்கு ஒரு முழுக்கதை கிடைத்தது. அவள் அதில் ஒரு வார்த்தை கட்டவில்லை.

"அவன் ஏன் வாயத் திறக்கல?"

"லிஃப்ட்ல கேட்டது வெளிய போகக் கூடாதுன்னு."

"அது நீங்க மத்தவங்களக் காப்பாத்தப் போட்ட சட்டம் அண்ணி. அதுக்குள்ள நீங்களே போய் ஒளிஞ்சுக்கறீங்க."

அக்கா எழுந்து கை கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்டா ஏறவில்லை. பதினேழாம் கட்டம் மொட்டையாக இருந்தது. மண்ணைக்கூட மட்டமாகத் தட்டி, கயிற்றைச் சரியாக இழுத்துக் கட்டிவிட்டுத்தான் போக நின்றான் பன்னு. மைக் சார் தொண்டையைச் செருமினார்.

"சார், நான் ஒண்ணு அறிவிக்கணும்" என்றாள் அக்கா.

அறிவித்தாள். மேடையில் நின்றபடி, யார் முகத்தையும் பார்க்காமல், கழுவும் மேடையின் குழாயைப் பார்த்துச் சொன்னாள். அவன் கேட்டான், நான்தான் போடச் சொன்னேன். பூவுல டேப் ஒட்டாதது நான். தேனீயப் பாத்தும் ரிப்பன் கட்டினது நான். தெரிஞ்சே டிராயர்ல போட்டதும் நான். உங்க நாப்பது பேரு ஒரு வருஷத்து மண்ணும் தண்ணியும் என்னாலதான் போச்சு. போன வாரமே சொல்லியிருக்கணும். பயம். சாவியை எடுத்துப் படிக்கட்டில் வைத்தாள்.

இருபத்திரண்டாம் கட்டத்து அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நாங்க அந்தத் தம்பிய எப்படியெல்லாம் பேசிட்டோம்" என்றார் ஏழாம் கட்டக்காரர். அது பன்னுவுக்காக வந்ததா, தனக்காகவா என்று அவருக்கே தெரிந்திருக்காது. மைக் சார் மூக்கிலிருந்து பேசாமல் முதல்தடவையாக வாயால் பேசினார்: "தம்பி, மன்னிச்சுக்கப்பா. புதினாவ எடுத்துட்டு வா."

பிறகு சாவி. யாராவது எடுக்க வேண்டும். சாயங்காலம் மொட்டுப் பார்த்து, விடியலில் எழுந்து வந்து, பூவைத் திறந்து மூட வேண்டும், அதுவும் வருஷக்கணக்கில். நாற்பது பேரும் திடீரென்று செருப்பைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒருவருக்கு முதுகு, ஒருவருக்குப் பிள்ளைகளின் பரீட்சை.

"நான்தான் எப்படியும் மூணு மணிக்கு முழிச்சிருக்கேன்" என்று சாவியை எடுத்தான் பன்னு. "ஆனா எனக்கு டேப் ஒட்டத் தெரியாது. அக்கா ஒட்டணும். ஒட்டுனத தினம் எங்கிட்ட சொல்லணும்."

"லிஃப்ட்லயா?" என்றது யாரோ.

"லிஃப்ட்லயே. ஆனா அத நோட்டுல எழுதுவேன்."

அப்போதுதான் மறுபடி சிரித்தார்கள். இருபத்திரண்டாம் கட்டத்து அம்மாள் சிரிக்கவில்லை. அவள் அக்காவிடம் பேச இரண்டு வருஷம் ஆயிற்று.

பழைய பூசணியைத் திரும்பக் கொண்டுவர ஆறு வருஷம் பிடித்தது. அந்த ஆறு வருஷத்தைத்தான் இப்போது பேசும்போது எல்லாரும் நல்ல காலம் என்கிறார்கள். அப்போது அப்படித் தெரியவில்லை. வருஷா வருஷம் சாம்பல் தோல் காய்களாகப் பார்த்து, தோட்டம் முழுக்க அது மட்டுமே நட்டு, பூவுக்கெல்லாம் டேப் ஒட்டி, காய்த்ததை வெறுமனே வேக வைத்து, எண் ஒட்டிய கிண்ணங்களில் வரிசையாக வைப்பார்கள். நாற்பது பேரும் ஆளுக்கொரு கரண்டியோடு சுற்றி வருவார்கள். அப்போதுதான் ஒரு விஷயம் வெளியே வந்தது: பழைய ருசி எது என்பதில் இரண்டு பேருக்கு ஒத்துப்போகவில்லை. ஏழாம் கட்டக்காரர் அது வாயில் வெண்ணெயாகக் கரையும் என்றார். மைக் சார், கரையாது, பல்லுக்குக் கொஞ்சம் வேலை கொடுக்கும் என்றார். நாத்தனார், வெந்த கடலை வாசம் அடிக்கும் என்றாள். அக்காவின் புருஷன் ஒரு வருஷம் வந்து நின்று, "அன்னைக்கு மழை பெஞ்சுச்சு, மழையும் வேணும்" என்றான். அவனை ஓட்டுப் போட விடவில்லை.

பன்னு எல்லாவற்றையும் நோட்டில் எழுதினான். அக்கா தினம் மூன்றாம் மாடிக்கும் தரைக்கும் நடுவில் கணக்கு ஒப்பித்தாள்: "அஞ்சு மொட்டு. நாலு ஒட்டினேன். ஒண்ணு ஏற்கெனவே வாயத் திறந்துருச்சு, விட்டுட்டேன்." லிஃப்ட்டில் நிற்கும் நோயாளிகள் இது என்ன வைத்தியம் என்று விழிப்பார்கள்.

ஆறாம் வருஷத்து ஞாயிற்றுக்கிழமை, பதினொன்றாம் கிண்ணத்தில் நாற்பது கரண்டியும் நின்றன. ஒருவர் கண்ணை மூடினார். வெண்ணெய்க்காரரும் பல்லுக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். "அதான்! அதேதான்!" என்று ஆரம்பித்தது கூட்டம். மைக் சார் மேடையேறி, "மிகவும் தாமதமாக வந்துகொண்டிருக்கும்..." என்று தொடங்கி, முடிக்காமலே இறங்கி வந்து இன்னொரு கரண்டி எடுத்துக்கொண்டார். பன்னு அலமாரியில் ஒட்டுவதற்கு வைத்திருந்த சீட்டில் லிஃப்ட்டுப் பூசணி என்று எழுதியே விட்டான்.

"அக்கா, நீங்க சொல்லுங்க. அதானே?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். முதல் காயைத் தின்றவளாயிற்றே. இருபத்திரண்டாம் கட்டத்து அம்மாள்கூடக் கரண்டியை வாயில் வைத்தபடியே திரும்பினாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். ஆறு வருஷம் முடிந்துவிடும், அவள் கெடுத்ததை அவளே சரி செய்தாள் என்று ஆகிவிடும்.

அக்கா இன்னொரு தடவை நாக்கில் வைத்துப் பார்த்தாள். மெதுவாக மென்றாள்.

"இல்லப்பா. கிட்ட வந்துருச்சு. ஆனா அது இல்ல இது. அதுல இந்தக் கடைசித் தித்திப்பு கெடையாது."

கூட்டத்தின் உற்சாகம் இறங்கிப்போனது. யாரோ கரண்டியைக் கிண்ணத்தில் டங்கென்று போட்டார்கள்.

"அப்போ தூக்கிப் போட்டுரலாமா?" என்றான் பன்னு. கையில் சீட்டு.

"எதுக்குத் தூக்கிப் போடணும்? நல்லாருக்கே! அது இல்லன்னுதான் சொன்னேன், நல்லால்லைன்னா சொன்னேன்?" அக்கா தட்டை நீட்டினாள். "ரெண்டு கரண்டி போடு."

பன்னு சீட்டில் எழுதியதை அடித்தான். புதுசாக என்ன எழுதுவது என்று பேனாவோடு கொஞ்ச நேரம் நின்றான். ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள், ஒன்றும் ஒட்டவில்லை. அண்டாவில் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்ததால் சாப்பிட்டுவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தார்கள். இன்றும் தோட்டத்துக்குப் போய் விதை கேட்டால், மூன்றாம் வரிசையில் பேர் ஒட்டாத டிராயரைக் காட்டுவார்கள்.